விளிம்பில் படுத்த பதினாறு நாட்கள்

அது முதலில் ஒரு நூலாகத்தான் வந்தது.

அறுப்பு முடிந்த வட்டை. மண்டூருக்கு மேற்கே அந்த வயல்வெளியை அளந்துகொண்டிருந்தோம். நான் நில அளவைக் கந்தோரில் (அலுவலகத்தில்) எழுதுவினைஞன். சங்கிலி பிடிப்பவனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று நானே குனிந்து சங்கிலியின் முனையை எடுத்தேன். இடது இடுப்பில் முடிந்திருந்த ஒரு நூலைக் குதிக்கால் பக்கத்திலிருந்து யாரோ சுண்டியதுபோல் இருந்தது. சுண்டியவன் யாரென்று திரும்பிப் பார்த்தேன். வெட்டிய நெல்தாள்களும் கொக்குகளும்தான் நின்றன.

அன்றிலிருந்து திரும்பிப் பார்ப்பதே என் தொழிலாகிப்போனது. இதே நோவில் கிடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வலி தனியே வருவதில்லை, தனக்கொரு துணையைக் கூட்டிவரும். என்னிடம் அது கூட்டிவந்த துணை சந்தேகம். வலிக்கு ஊரெல்லாம் மருந்து சொன்னார்கள். மற்றதை நான் யாருக்கும் காட்டவில்லை.

ஒரு கிழமைக்குள் (ஒரு வாரத்துக்குள்) உட்கார முடியாமற் போயிற்று. எண்ணெய் தடவினார்கள், சுடுமணல் ஒத்தடம் கொடுத்தார்கள். தும்மினால் இடுப்பிலிருந்து பெருவிரல்வரை மின்னிற்று. பன்பாயில் (வாவிக்கரைப் பன்புல்லில் இழைத்த பாய்) பக்கவாட்டில் சுருண்டு கிடந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். மட்டக்களப்புக்கு உத்தியோகம் என்றபோதே எங்கள் ஊரில் சிரித்தார்கள். அங்கே போகிறவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், அவன் திரும்பமாட்டான் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. பதினொரு வருடங்களுக்கு முன் மண்டூரில் பூரணத்தைக் கலியாணம் செய்தேன். இங்கே வீடு பெண்ணுக்கு உரியது, ஆண்தான் அங்கே குடிபோகிறவன். நானும் அப்படியே போனேன்.

நான் படுத்த செய்தி கேட்டு அக்கா எழுதினாள்.

"தம்பி, நான் அப்பவே சொன்னனான். இப்ப உண்மையாவே பாயோட கிடக்கிறாய். அவளின்ர ஆக்கள் உன்ர படுக்கைக்குள்ள என்னத்தை வைச்சிருக்கினம் எண்டு தட்டிப் பார். நான் சொன்னதெண்டு சொல்லாதை."

சிரித்தேன். கடிதத்தை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். பூரணம் கிணற்றடிக்குப் போனதும் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு எறும்புகள் இருந்தன. அவற்றையும் கொஞ்சம் யோசனையோடுதான் பார்த்தேன்.

பூரணத்தின் அண்ணன் கண்ணமுத்து என்னைத் தோணியில் கிடத்தி மட்டக்களப்பு வாவியின் அக்கரை சேர்த்து, அங்கிருந்து வண்டியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பூரணமும் வந்தாள். நடையில் வாங்குகள் நிறைய இருந்தன. உட்கார முடியாதவனுக்கு வாங்கு எதற்கு? சுவரைப் பிடித்து நின்றேன்.

டொக்டர் என் இடது காலை மடக்காமல் நேராக உயர்த்தினார். ஒரு சாண் போவதற்குள் கத்திவிட்டேன்.

"சயற்றிக்கா" என்றார் (இடுப்பிலிருந்து தொடைக்குப் பின்னால் பாதம்வரை ஓடும் பெரிய நரம்பின் நோவு).

"எலும்புச் சயரோகமா இருக்காதா?"

"இல்லை."

"எப்பிடித் தெரியும்?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "படிச்சதால" என்றார். பூரணம் சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினாள்.

ஆறு கிழமை படுக்கை. எப்படிப்பட்ட படுக்கை என்பதில்தான் அவர் நெடுநேரம் நின்றார். "இலவம்பஞ்சு மெத்தை குழியும். கயித்துக் கட்டில் தொய்யும். பாயெண்டா ஒவ்வொரு தரமும் நிலத்தில இருந்து எழும்ப வேணும், அதுவும் கூடாது. இப்ப ஸ்பிரிங் மெத்தை வருது. உள்ளுக்குக் கம்பிச்சுருள், மேல தலையணை மாதிரி ஒரு தடிப்புத் தைச்சிருப்பாங்க. அதில இறுக்கமானதாப் பாத்து எடுங்க. மலாந்து, உடம்பு நேரா இருக்க, நடுவில படுக்க வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாதம் தொங்கத் தொடங்கினா உடனே வாங்க. அந்த நரம்பு செத்தா நடை போயிரும்."

நடந்து பிழைக்கிறவன் நான். வயல் அளக்கிறவனின் எழுத்தும் காலால் எழுதப்படுவதுதான்.

திரும்பும் வழியில் காத்தான்குடியில் மீராக் காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) கடையில் வண்டியை நிறுத்தினோம். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் சாமான்களையும், துரைமார் விட்டுப்போகும் கட்டில், மேசைத் தளபாடங்களையும் விற்பவர். ஸ்பிரிங் மெத்தை இரண்டு இருந்தன.

ஒன்று ஒரு பங்களா ஏலத்தில் எடுத்தது. என்னை அதில் கிடத்தினார்கள். கம்பிகள் முனகிக்கொண்டு கீழே போயின, நானும் போனேன். இடுப்பு குழிக்குள் இறங்கியதும் வலி வாயை மூடிக்கொண்டது. பல நாட்களுக்குப் பிறகு வந்த மௌனம் அது. கண்ணீர் வந்துவிட்டது.

"இதுதான்" என்றேன்.

"ஐயா, இதில படுக்கிறது லேசி. எழும்பிறதுக்கு நாலு பேர் வேணும்" என்றார் காக்கா.

மற்றது புதியது. மேலே நாலு விரல் உயரத் தடிப்போடு, நான்கு ஓரமும் கயிறு வைத்துத் தைத்தது. அதில் படுத்ததும் தோளும் புட்டமும் தாங்கப்பட்டன, ஆனால் வலி விழித்துக்கொண்டது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே பூரணம் குனிந்து என் இடுப்பு வளைவுக்குக் கீழே தன் உள்ளங்கையை நுழைத்தாள். பதினொரு வருடத்தில் பிறர் பார்க்க அவள் என்னைத் தொட்டது அதுவே முதல்முறை.

இந்த ஒரு பரிசோதனையை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை மிதமிஞ்சிக் கடினம். கை நுழையவே இடமில்லையென்றால் இடுப்பு புதைகிறது. சற்று மறித்து, பிறகு வழிவிட வேண்டும். படுத்தவுடன் வரும் சுகத்தை நம்பவேண்டாம். கால்மணி நேரம் கிடந்து, ஒருபக்கம் புரண்டு எழுந்து பாருங்கள்.

"இதுதான் சரி" என்றாள் பூரணம். பிறகு காக்காவைத் தள்ளி அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். காக்கா என்னைப் பார்த்தார், தலையாட்டினார்.

"மூணாம் நாள் அனுப்புறன் தங்கச்சி."

கடையில் இருக்கும் மெத்தைக்கு ஏன் மூன்று நாள்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகியிருக்கும்.

மூன்றாம் நாள் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி, அதன்மேல் மெத்தை வாவியைக் கடந்து வந்தது. நனையாமல் நாலு பேர் நின்று பிடித்தார்கள். கரையிலிருந்த கோயிலுக்கு வந்தவர்கள் எந்தச் சாமி எழுந்தருளுகிறது என்று கேட்டதாகக் கண்ணமுத்து மச்சான் சொன்னார்.

படுத்த முதல் நாளே என் விரல்கள் அதைக் கண்டுபிடித்தன. மேல்தடிப்பின் பக்கவாட்டில், ஒரு முழ நீளத்துக்குத் தையல் வேறாக இருந்தது. மற்றதெல்லாம் மெஷின் தையல், வெள்ளை நூல். இது கைத்தையல், நீல நூல். நடுவில் அழுத்தினால் உள்ளே சொரசொரப்பு. ஓரிடத்தில் பாக்கு அளவில் ஒரு முடிச்சு.

இந்த மெத்தை திறக்கப்பட்டிருக்கிறது.

தலையணைக்குள் அக்காவின் கடிதம் சரசரத்தது.

நான் நம்பவில்லை என்று எனக்கே சொன்னேன். நம்பாதவன் என்ன செய்தேன்? நடுவை விட்டு வலது விளிம்புக்கு நகர்ந்தேன். ஒரு கால் பாதி வெளியே, உடம்பு வில்லாக வளைய, அந்த முடிச்சிலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கிடந்தேன்.

"ஏன் ஓரத்தில தொங்கிறீங்க? நடுவுக்கு வாங்களன்" என்பாள் பூரணம்.

"இஞ்சதான் காத்து வருது."

"காத்து நடுவுக்கு வர ஒண்ணாதாமா?"

பதினாறு நாட்கள். அவள் கஞ்சி கொண்டுவந்தால் அவள் முதலில் குடிக்கிறாளா என்று பார்த்தேன். அவளும் அண்ணனும் வேலியடியில் பேசினால் என் பெயர் வருகிறதா என்று செவியை நீட்டினேன். எண்ணெய் தேய்க்கும்போது அவள் உதடு அசைந்தால் என்ன முணுமுணுக்கிறாள் என்று எண்ணினேன். பிறகு தெரிந்தது, அவள் தேய்க்கும் தடவைகளைத்தான் எண்ணினாள். இருபதுக்கு மேல் வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருந்தார்.

விளிம்பு சரிந்தது. நானும் சரிந்தேன். பதினாறாம் நாள் காலை முற்றத்துக்குப் போகையில், இடது காலின் செருப்பு கழன்று பின்னால் கிடந்ததை நான் உணரவில்லை. பூரணம்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டுபேரும் அந்தப் பாதத்தைப் பார்த்தோம். தூக்கு என்றேன். அது என் சொல்லைக் கேட்கவில்லை.

மறுபடியும் தோணி, வண்டி, நடை, சுவர். டொக்டர் ஊசியால் பாதத்தைத் தொட்டார். சில இடங்கள் பதில் சொல்லவில்லை.

"என்னமாதிரிப் படுக்கிறார்?" என்று பூரணத்திடம் கேட்டார்.

"ஓரத்தில, டொக்டர். வேலியில பல்லி ஒட்டின மாதிரி."

அவர் என் பக்கம் திரும்பினார். "மெத்தையை வாங்கி விளிம்பில படுக்கிறதுக்கு என்ன காரணம்?"

"காத்துக்கு" என்றேன்.

"நரம்பு இன்னும் சாகேல்ல. இப்பிடியே கிடந்தா சாகும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் நின்று சவரக்கத்தியால் நீலத்தையலை அறுத்தேன். பூரணம் வாசற்படியில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. உள்ளே தேங்காய்த் தும்பு, அடர்த்தியாக, நடுப்பகுதி முழுக்க. கையை விட்டு அந்த முடிச்சை இழுத்தெடுத்தேன். துணியில் கட்டிய ஏதோ ஒரு வேர்.

"இது என்ன?"

"வசம்பு. மூட்டைப்பூச்சிக்கு. காக்காட பொண்டாட்டி தைச்சு முடிக்கிற எல்லா மெத்தையிலயும் வெப்பாவாம்."

"தும்பு?"

"கடையில கைய விட்டன். உங்கட இடுப்புக்குக் கீழ மட்டும் பஞ்சு கொஞ்சம் இறங்கிச்சு. அந்த இடத்துப் பஞ்ச எடுத்திட்டுத் தும்பு அடைச்சுத் தாங்க எண்டு காக்காட்டச் சொன்னன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா படுப்பீங்களா? எங்கட கை பட்டதெண்டா மோந்து பாக்கிற ஆள் நீங்க." அவள் குரல் உயரவில்லை. "அக்காட கடிதத்தத் தலையணைக்குள்ள வெச்சா எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்க. உறை தோய்க்கிறது ஆரு?"

நான் வேரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ட வீடு" என்றாள். "ஒட்டவெச்சு உங்கள இஞ்ச வெச்சிருக்க எனக்கென்ன விதி? அந்தக் கால் நல்லாகட்டும். நடக்க ஏலுமெண்டா அக்காட்டப் போங்க. அதுவரைக்கும் நடுவில படுங்க."

ஊசி எடுத்து அவளே தைத்தாள். இம்முறை கறுப்பு நூல். வெட்டிய இடம் எனக்குத் தெரியட்டும் என்றுதானோ என்று உடனே நினைத்தேன். பாருங்கள், அந்தப் புத்தி எங்கே போகும். பிறகு பார்த்தேன், பெட்டியில் கறுப்பு நூல் மட்டுந்தான் இருந்தது.

நடுவில் படுத்தேன். முதல் இரண்டு நாள் தும்பு என்னை எதிர்த்து நின்றது. மூன்றாம் நாள் முதுகு அதனோடு சண்டையை நிறுத்தியது. அசையாமல் கிடப்பவனுக்குப் பொழுது வேறு விதமாக நகர்கிறது. ஓட்டு இடுக்கால் விழும் வெயில்வட்டம் என் மார்பில் ஏறி, வயிற்றைக் கடந்து, முழங்காலில் இறங்கும். பாதத்துக்கு வந்து சேரும்போது அந்திப் பூசைக்கு மணி அடிக்கும். வலது பாதத்தில் அதன் சூடு தெரிந்தது. இடதில் தெரியவில்லை. ஐந்தாம் கிழமை, சுண்டுவிரலின் ஓரத்தில், ஆறிய வெந்நீர்போல் ஒன்று தெரிந்தது. கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். பூரணம் அதற்குள் கதவடியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே போய்விட்டாள்.

எண்ணெய் தேய்த்தாள், கஞ்சி தந்தாள், புரட்டினாள். பேச்சை மட்டும் தேவைக்கு அளந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள்.

ஒன்பதாம் கிழமை கம்பூன்றித் துறைவரை நடந்தேன். முன்பு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம், அன்று அரை நாள்.

"அக்கரைக்கா ஐயா?" என்றான் தோணிக்காரன்.

"இல்ல. நடந்து பாக்க வந்தன்."

திரும்பி வந்தபோது என் தகரப்பெட்டி வாசலில் இருந்தது. வேட்டி சட்டையெல்லாம் தோய்த்து மடித்து அடுக்கியிருந்தாள். துரத்துகிறாளா, சோதிக்கிறாளா, சொன்ன சொல்லைக் காக்கிறாளா? மூன்றையும் மூன்று விதமாகப் புரட்டிப் பார்த்தேன். பிறகு, சந்தேகக்காரன் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். நேரே போய்க் கேட்டேன்.

"நான் போகவா, இருக்கவா?"

அவள் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். "எனக்கிட்ட ஏன் கேக்கிறீங்க? காலக் கேளுங்க."

பாரம் தூக்கலாகாது என்று எனக்கு உத்தரவு. பெட்டியை உள்ளே எடுத்துவைக்க என்னால் முடியாது. அவளும் தொடவில்லை. மூன்று நாள் அது வாசலிலேயே கிடந்தது. நான்காம் நாள் தொடங்கினேன். ஒரு நடைக்கு ஒரு சட்டை. கம்பை ஒரு கையிலும் சட்டையை மறு கையிலுமாக, வாசலிலிருந்து அறைவரை. பெட்டி வெறுமையாக இரண்டு நாள் பிடித்தது. கடைசி வேட்டியை நான் கொண்டுபோகையில் பூரணம் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

இன்று கந்தோருக்குப் போகிறேன், வட்டைக்கும் போகிறேன். முழுச்சுகம் என்று சொல்லமாட்டேன். இடது பாதம் நிலத்தைத் தாமதமாகத்தான் அறிகிறது. ஊன்றி ஒரு மூச்சு கழிந்த பிறகே மண் எனக்கு மண்ணாகிறது. அந்த ஒரு மூச்சுக்குள் முன்பு நான் எத்தனை பேரை விசாரித்துத் தீர்ப்பும் எழுதியிருப்பேன். இப்போது அதற்குள் ஒன்றும் செய்வதில்லை. கால் வந்து சேரட்டும் என்று வரப்பில் நிற்கிறேன்.