கூரை மேல் நின்ற சொந்தக்காரர்கள்

தெல்தெனியவைத் தாண்டி, நீர்த்தேக்கத்தின் கரையில் எங்கள் நிலம். கரை என்றால் நெட்டுக்குத்தான சரிவு. ரோட்டிலிருந்து குனிந்தால் தண்ணீர்தான் தெரியும். லொறி ஓட்டிச் சேர்த்ததில் வாங்கினேன்.

வீட்டுக்குப் படம் போட்டது மகள். கண்டியில் வீட்டுப் படம் வரைகிற வேலை அவளுக்கு. மலையை வெட்டக் கூடாது என்றாள். வெட்டினால் மழைக்கு மண் இறங்கும். அது எனக்கும் தெரியும். சரிவு இறங்குகிற மாதிரியே வீடும் படிபடியாக இறங்கும். ரோட்டு மட்டத்தில் கூரை, அதன் மேல் மண்ணும் புல்லும். சுவருக்கு மண் நிறம். தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் கண்ணாடி.

நான் சரி என்றேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"பொறந்ததுல இருந்து தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்தேன். வரிசையா அத்தன வாசல், எது என் வாசல்னு வர்றவங்களுக்கு வெளங்காது. சொந்த வீடு கட்டியும் ஒளிச்சு வைக்கணுமா?"

"ஒளிக்கலம்மா. மலையோட சேருது," என்றாள் மகள்.

"நீ போய் சேரு. எனக்கு பஸ்ல போறவங்க பாக்கணும். செவப்பு ஓடு போடு."

அவள் கேட்டதும் நியாயம்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பால் காய்ச்சுகிற அன்று சொந்தக்காரர்கள் பார்க்கட்டும். அவர்கள் மூஞ்சி சுளித்தால், ரோட்டோரம் சிவப்பு ஓடு போட்டு ஒரு முன் அறை கட்டித் தருவேன். அப்படி ஒன்று வந்தால் மகளின் படம் கெட்டது.

வீடு எழும்பியது. எழும்பியது என்று சொல்லக் கூடாது, இறங்கியது. மனைவி திருஷ்டிக்கு ஒரு வைக்கோல் பொம்மை செய்து கூரைப் புல்லில் நட்டாள்.

"யாரு கண்ணும் படாத வீட்டுக்குப் பொம்மையாம்மா?"

"வாய மூடு."

அந்த நாள் வந்தது. அடுப்பில் பால் ஏற்றியிருந்தோம். ஹுன்னஸ்கிரியவிலிருந்து என் அக்கா குடும்பம் வேனில் வந்து இறங்கியது. கூரை விளிம்பிலிருந்து அக்கா குரல்.

"டேய் தம்பி! தோட்டம் போட்டு பொம்மையும் வச்சிருக்க. வீட்டக் காணோமே?"

"கரட் பாத்தி போட்டிருப்பான். மிதிக்காத," என்றார் மச்சான்.

மனைவியின் முகத்தைப் பார்த்தேன். முன் அறை உறுதி என்று நினைத்தேன். அவள் விறுவிறு என்று பக்கப் படியில் ஏறினாள்.

"மதினி, நீங்க நிக்கிறது என் வீட்டு மேல. எறங்கி வாங்க."

அக்கா ஒரு காலைத் தூக்கினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கீழே வந்து கதவைத் திறந்ததும் முழு நீர்த்தேக்கமும் எதிரே நின்றது. அக்கா செருப்பைக் கழற்ற மறந்தாள்.

"அடியே, இத்தனையும் உள்ள வச்சிக்கிட்டு வெளிய ஒண்ணும் காட்டாம இருக்கியே!"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

மேலே அடுத்த வேன் நின்றது. கூப்பிட வாயைத் திறந்தேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கூப்பிடாதீங்க. கொஞ்ச நேரம் தேடட்டும்."

"அப்போ முன் அறை?" என்றாள் மகள்.

"அத யாரு கேட்டா?"