தொலைபேசியில் சிரித்தவர்

என் கணவர் பிரெஞ்சு படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு, ஒரு ரொக் இசைக்குழுவின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் படித்தார். அங்கிருந்த தலைமைச் சமையற்காரருக்கு அந்தக் குழு என்றால் பைத்தியம். காலையில் அடுப்பு மூட்டும்போது போட்டால் கடை பூட்டும்வரை அவர்களுடைய சிடிக்கள்தான். அவர்கள் காதலையும் நிலவையும் பாடுகிற ஆட்கள் இல்லை. மந்திரிமாரையும் கந்தோர்க்காரரையும் நாய் வளர்க்கும் பணக்கார மாமிமாரையும், கடைசியில் தங்களையும்கூடப் பகிடி பண்ணிப் பாடுகிறவர்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது எங்கள் கலியாணத்துக்காகப் பாரிஸ் போன இடத்தில். இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. நான் மொன்றியலில் அண்ணை வீட்டில் இருந்தேன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் வேலை. எங்கள் பங்குக் கோவிலுக்கு வரும் ஓர் அன்ரி பேசிவிட்ட சம்பந்தம் அது. மாப்பிள்ளை மன்னார்ப் பக்கம், பாரிஸில் இருக்கிறார். அவரால் கனடாவுக்கு வரமுடியாதபடியால் நான் அங்கே போய்க் கலியாணம் முடித்து, மூன்று கிழமை இருந்துவிட்டுத் திரும்பி வந்து அவரை ஸ்பொன்சர் பண்ணுவது என்று ஏற்பாடு.

அவரோடு ஒரே அறையில் இருந்த கூட்டாளிகள் எங்களுக்காக வேறு இடம் பார்த்துப் படுத்தார்கள். ஒருநாள் மத்தியானம் அவர் ஒரு சிடியைப் போட்டுவிட்டுக் கட்டிலின் விளிம்பில் வந்து இருந்தார். பாட்டுத் தொடங்கிச் சற்று நேரத்தில் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதுவரைக்கும் நான் அவரை அடக்கமான மனிதர் என்று நினைத்திருந்தேன். இப்போது வேறு ஓர் ஆள் என் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. எனக்கும் ஏதாவது செய்யவேண்டும் போல் இருக்க நானும் சிரித்தேன்.

அவர் சட்டென்று நிறுத்தினார். “உமக்கு விளங்கினதோ?”

“இல்லை.”

“பேந்து ஏன் சிரிக்கிறீர்?”

“நீங்கள் சிரிச்சீங்கள். அதுதான்.”

“பொய்க்குச் சிரிக்காதையும். விளங்கிற அண்டைக்குச் சிரியும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

பாட்டை முதலிலிருந்து போட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தமிழுக்கு வந்ததும் அதில் ஒரு பகிடியும் இல்லை. யாரோ ஒருவருடைய நாய் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் போகிறது, பிறகு அந்த நாய் நகரபிதாவாகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவரே யோசித்தார். அந்த யோசனையைப் பார்த்து நான் உண்மையாகவே சிரித்தேன். அது கணக்கில் இல்லை என்றார்.

திரும்பும்போது இரண்டு சிடிக்களை என் கைப்பையில் வைத்துவிட்டார். விமானம் ஏறி இருந்தபிறகு, அவர் என்னை வழியனுப்பிவிட்டு மெத்ரோவில் தனியாகப் போவதை நினைத்தேன். மொன்றியல் வரும்வரைக்கும் ஒன்றும் சாப்பிடவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் அடுக்குவதுபோன்ற ஒரு தட்டுத்தான் என் முன்னால் வந்தது.

கியூபெக்கின் அனுமதி முதலில் வரவேண்டும், அதன்பிறகு கனடாவின் அனுமதி. எவ்வளவு காலம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காத்திருந்த அந்த நாட்களில் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். காலையில் வகுப்பு, பிற்பகல் வேலை. டோர்வலுக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டுகளைக் கேட்பேன். முதலில் ஒரே இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் ஒரு சொல், இரண்டு சொல். குசினி என்ற சொல்லை மட்டும் நான் படிக்கத் தேவை இருக்கவில்லை, கிட்டத்தட்ட அப்படியே பிரெஞ்சிலும் இருந்தது.

மேடையில் பதிவுசெய்த ஒரு பாட்டில் கேட்கிற கூட்டம் முழுவதும் சிரிக்கிற இடம் ஒன்று எனக்குப் பிடிபடவேயில்லை. வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டேன். கியூபெக்காரி, எதற்கும் பலகைக்கு ஓடுகிறவர். நான்கு சொற்களை வேறுவேறு எழுத்துக்களில் எழுதினார். பச்சை, கண்ணாடிக் கோப்பை, புழு, நோக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே உச்சரிப்பு: வேர். சிலேடை என்று நான் தமிழில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று பின்னேரம் வேலை இடைவேளையில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி அவருக்கு எடுத்தேன்.

“வேர் எண்டதுக்கு பிரெஞ்சில நாலு கருத்து. எனக்கு அஞ்சு தெரியும்.”

“அதென்ன அஞ்சாவது?”

“மரத்தின்ர வேர்.”

“வேர்” என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. கட்டிலின் விளிம்பில் கேட்ட அதே சிரிப்பு. அத்திலாந்திக்கைத் தாண்டி வந்து என் காதுக்குள் நிறைந்தது. குசினியில் இருந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தப் பார்த்தாராம், ஒருவரும் சிரிக்கவில்லையாம். “அது எங்கட ரெண்டுபேருக்கும் மட்டும்தான்” என்றார். அந்த வசனத்தை வைத்துக்கொண்டு நான் பல நாட்கள் உயிர்வாழ்ந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்த கோடையில் அந்த இசைக்குழு மொன்றியலுக்கு வந்தது. நகரின் நடுவில் தெருவை அடைத்துப் போட்ட மேடையில் இலவச நிகழ்ச்சி. அவருக்கு விசா வரவில்லை, அவர்கள் வந்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனாலும் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். வெயில் இறங்காத பின்னேரம். சுற்றிலும் பியரும் கையுமாக இளம் ஆட்கள். பஞ்சாபிச் சுடிதார் போட்டுக்கொண்டு நின்ற தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான்.

மேடையில் அவர்கள் நான் நினைத்ததைவிட வயதான, தொப்பை வைத்த ஆட்களாக இருந்தார்கள். ஒருவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி, கீழே அரைக் காற்சட்டையோடு நின்றார். புதுப் பாட்டு ஒன்று பாடினார்கள். ஒரு கந்தோரின் யன்னலுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தர் வருகிறவர்களிடமெல்லாம் “இன்னும் ஒரு பத்திரம் குறைகிறது” என்று சொல்லி அனுப்புகிறார். பிள்ளைகள் கிழவர்களாகிறார்கள், வரிசை நகரவில்லை. கடைசியில் எழுத்தர் செத்து மோட்சத்தின் வாசலுக்குப் போகிறார். மோட்சத்தின் திறப்பை வைத்திருக்கும் இராயப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய பத்திரக் கட்டைப் புரட்டுகிறார்.

இராயப்பர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க முதல் நான் சிரித்தேன். வாய்விட்டு, வெட்கமில்லாமல். ஆசிரியை இல்லை, பலகை இல்லை, அகராதி இல்லை. சிரித்துக்கொண்டே அழுதேன். விளங்கிற அண்டைக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னவர் பார்க்கவில்லையே.

உடனே கைத்தொலைபேசியில் அவருக்கு எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு வேலை முடிகிற நேரம்.

“கேக்குதோ?”

“கேக்குது, கேக்குது. கதையாதையும். தூக்கிப் பிடியும்.”

கையை உயர்த்தித் தொலைபேசியைப் பிடித்தேன். மேடையில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுத் தொடங்கியது. சற்றுப் பொறுத்து ஆவல் தாங்காமல் காதில் வைத்துப் பார்த்தேன். அங்கே குசினி முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. பானையில் தாளம் போடுகிற சத்தம், தலைமைச் சமையற்காரரின் கரகரத்த குரல், எல்லாவற்றுக்கும் மேலே மன்னார் உச்சரிப்பில் அவருடைய பிரெஞ்சு. இங்கே ஆயிரக்கணக்கான ஆட்கள் பாட, நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அங்கே பாடுகிறவர்களைக் கேட்டேன். பாட்டு முடிய முதல் அட்டை முடிந்துவிட்டது.

அவர் ஒரு மாரிகாலத்தில் வந்துசேர்ந்தார். அண்ணை கொண்டுவந்த பெரிய ஜக்கெற்றை விமான நிலையத்திலேயே போட்டுப் பார்த்தார். சந்தோஷமான நாட்கள் அவை, பொய் சொல்லக்கூடாது. காலையில் எழும்பினால் பக்கத்தில் ஆள் இருந்தார்.

துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. அங்கே கியூபெக்காரர் பேசுவது அவருக்குப் பாதிதான் பிடிபட்டது. அவர் பேசினால் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாரிஸ்காரரின் பிரெஞ்சு அவருடையது. முதற் கிழமையே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

“என்னெண்டு?”

“பிரெஞ்சுக்காரன் எண்டு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “அங்க இருந்த இத்தனை வருசத்தில ஒருத்தனும் என்னை அப்பிடிச் சொல்லேல்லை” என்றுவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார்.

அந்த மாரியில் அவர் சிடி போடவில்லை. நான் போட்டால் சற்று நேரம் கேட்டுவிட்டு, தலையிடிக்குது என்பார். வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடைக்குப் போனோம், பூசைக்குப் போனோம், பனி தள்ளினோம். ஆனால் நான் ஒருவருக்கும் சொல்லமுடியாத ஒரு காரியம் செய்யத் தொடங்கினேன். அவர் வீட்டில் நிற்கும் நாட்களில் வேலை இடைவேளையில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன்.

“என்னப்பா, ஏதும் வாங்கவேணுமோ?” என்று கேட்பார்.

“இல்லை, சும்மா.”

“அப்ப வையும். கறி அடுப்பில.”

எனக்கு வேண்டியிருந்தது அந்தக் குரல். தொலைபேசிக்குள் இருந்து வருகிற அந்த ஆள். ஆள் முழுதாக வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் குரலைத் தேடினேன்.

ஒரு ஞாயிறு உடுப்புத் தோய்க்கக் கீழ் அறைக்குப் போன நான், பாதிப் படியில் நின்றேன். மேலே அவர் பாரிஸுக்கு, அந்தக் குசினி ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார், பிரெஞ்சில். சிரிப்புக் கேட்டது. கூடை கனத்தது, அதை வைத்துவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டேன். ஒரு பெண்ணோடு கதைத்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். ஒரு குசினியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

கதைத்து முடித்துவிட்டு வந்தவர் என்னைப் படியில் கண்டார்.

“அங்க திரும்பிப் போக ஆசையோ?” என்று கேட்டேன்.

அவரும் மேல் படியில் வந்து இருந்தார். “இல்லையப்பா. அங்க இருக்கேக்க எப்ப இஞ்ச வாறது எண்டுதான் இருந்தது. நீர் போன் எடுப்பீர், நான் சிரிப்பன். இப்ப இஞ்ச வந்தாச்சு. இனி எதைப் பாத்துக்கொண்டிருக்கிறது எண்டு தெரியேல்லை.”

“எனக்கும்தான்” என்றேன். அவர் கூடையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். உடுப்பு மெஷின் சுற்றி முடியும்வரைக்கும் இரண்டுபேரும் அங்கேயே நின்றோம்.

கோடை வந்ததும், பங்குக் கோவிலுக்கு வரும் ஒரு குடும்பத்தார் இல்-பிசார் தீவில் வீடு வாங்கியதற்காக எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பும்போது அவர் வழியை விட்டு ஆற்றங்கரைக்குக் காரைத் திருப்பினார். அங்கிருந்து அக்கரையில் இருக்கும் லவாலுக்கு, நீருக்குள் கிடக்கும் வடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் படகு போகும். நாலைந்து கார்தான் கொள்ளும். படகில் ஏறியதும் அவர் காரைவிட்டு இறங்கிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படகோட்டி முதிய கியூபெக்காரர், சிவந்த முகம். நான் காருக்குள் இருந்தேன்.

அவர் ஏதோ சொன்னார். படகோட்டி காதைக் கிட்டக் கொண்டுவந்து திரும்பக் கேட்டார். அவர் இன்னொரு தரம், கையாலும் காட்டிச் சொன்னார். படகோட்டி தலையைப் பின்னால் எறிந்து சிரித்தார். பிறகு படகோட்டியும் ஏதோ சொல்ல, என் கணவர் கம்பியில் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன், காற்றுத்தான் வந்தது. இறங்கிப்போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்தேன், நான் போனால் அது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அக்கரை வந்தது. காருக்குள் ஏறியவரின் முகத்தில் இன்னும் அது மிச்சம் இருந்தது. என்ன பகிடி என்று நான் கேட்கவில்லை. கரையில் இறங்கியதும் அவர் காரை ஓரமாக நிறுத்தினார்.

“இந்தப் படகிலயே திரும்பிப் போவமோ?”

“வீடு இந்தப் பக்கத்தாலயும் போகலாமே.”

“தெரியும்.”

மறுபடி காரைத் திருப்பி வரிசையின் கடைசியில் நிறுத்தினோம்.