வியாழக்கிழமை மருந்து

"பஸ்ஸுல எங்க போவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"என்னடி, யாரோ மாதிரி கேக்குற?" என்றாள் சித்தி. "ஆபீஸ் வேலைன்னா சித்திகூட அந்நியமா?"

"எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் கேக்கணும் சித்தி."

"சரி, கேளு மகராசி. டவுனுக்குப் போவேன். எழுதிக்கோ."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"வாரம் ஒரு நாள். வியாழக்கிழமை."

"எதுக்குப் போவீங்க?"

சித்தி துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் சித்தப்பா படுத்திருந்தார். சித்தி அந்தக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, "மருந்து வாங்க" என்றாள், சற்றுச் சத்தமாகவே.

"வேற எதுக்காவது?"

"வேற என்ன இருக்கு எனக்கு? மருந்துதான்."

உள்ளேயிருந்து சித்தப்பா இழுத்து இழுத்துச் சொன்னார்: "மருந்துக்குத்தான்... போவா... எழுதிக்கோம்மா."

"கேட்டியா? சாட்சியும் சொல்லியாச்சு" என்று சித்தி சிரித்தாள். கேள்வி கேட்டவள் 'மருந்து' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மாவட்டத்தின் ஒதுக்குப்புற ஊர்களுக்கு எந்த பஸ் வேண்டும், எதை நிறுத்தலாம் என்று திட்டம் போடும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். அலுவலகத்தில் அதை நல்ல குணம் என்றார்கள்.

சித்தி அதற்கு நேர்மாறு. கல்யாணத்துக்கு முன் போர்வை ஆலையில் பொதி கட்டும் பிரிவில் இருந்தவள். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே குரல் பெருத்துப் போனது என்பாள். சித்தப்பா டிராக்டர் பழுது பார்ப்பவர். ஒருநாள் காலை வண்டிக்கு அடியில் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. வேலை கொடுக்க வந்த ஆள் அந்தக் கால்களிடம் வெகுநேரம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பதில் வராமல் போன பிறகுதான் குனிந்து பார்த்தான். பக்கவாதம். அன்று விழுந்த வலது பக்கம் பிறகு எழவே இல்லை.

அவரைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது, சவரம் செய்வது எல்லாம் சித்திதான். அவர் கெட்ட மனிதர் அல்ல. சித்தி கண்ணுக்குத் தெரியாவிட்டால் பயம் வந்துவிடும், அவ்வளவுதான். "ஏய்" என்று கூப்பிடுவார். "இங்கதான் இருக்கேன்" என்று சித்தி குரல் கொடுப்பாள். வேறொன்றும் வேண்டியிருக்காது. சற்றுப் பொறுத்து மறுபடியும் "ஏய்".

"முன்னாடி சாப்பிட வாங்கன்னு டிராக்டருக்கு அடியில பார்த்துக் கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திச்சு. இப்ப வட்டியோட திருப்பிக் குடுக்குறாரு" என்பாள்.

வியாழக்கிழமை மட்டும் அடுத்த வீட்டுக் கோழிப்பண்ணைக்காரி வந்து அவருக்குத் துணையாக உட்காருவாள். சித்தி காலை பஸ்ஸில் போய் மதிய பஸ்ஸில் திரும்புவாள்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கணக்கெடுக்க அவள் டவுன் பேருந்து நிலையத்தில் இருந்தாள். நேரக் காப்பாளரின் கண்ணாடி அறைக்குள் நின்றிருந்தாள். சித்தியின் ஊர் அந்தத் தடத்தின் கடைசி ஊர். அங்கிருந்து வந்த பஸ்ஸிலிருந்து சித்தி இறங்கினாள். எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். காத்திருப்புக் கூடத்தில் தேநீர் வாங்கிக்கொண்டு மூலை பெஞ்சில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். கால்களை நீட்டினாள்.

பிறகு ஒன்றுமே செய்யவில்லை. தேநீர் தீர்ந்த பிறகும் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு ஆள் வந்து பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டபோது கூடையை நகர்த்தினாள், பேசவில்லை. ஒலிபெருக்கி ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே அவளை யாரும் கூப்பிடவில்லை. மதிய பஸ் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் அசையாமல் நின்றிருந்தாள். போய் "சித்தி" என்று தோளைத் தொடலாம் என்று தோன்றியது. அதுவும் கூப்பிடுவதுதானே என்று விட்டுவிட்டாள். ஏறியவர்கள் என்ற இடத்தில் ஒன்று என்று குறித்தாள்.

அடுத்த மாதம் கூட்டம் நடந்தது.

"அந்தக் கடைசி ஊருக்கு பஸ்ஸு காத்தை ஏத்திக்கிட்டுப் போயிட்டு, காத்தை ஏத்திக்கிட்டு வருது" என்றார் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு வேன் விடுவது என்று யோசனை. முதல் நாளே போன் செய்து எங்கே, எதற்கு என்று சொன்னால் வீட்டு வாசலுக்கே வேன் வரும். மருந்துக்காகவே டவுனுக்கு வருகிறவர்களுக்கு இன்னும் வசதி: வாரா வாரம் மருந்தே வீட்டுக்கு வந்துவிடும்.

"உங்க சித்தி ஊருதானேம்மா அது? அவங்களும் மருந்துக்குத்தானே வர்றாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். வேலை, பள்ளி, சந்தை, மருத்துவம் என்று காரணங்கள் திரையில் வரிசையாக இருந்தன. பெஞ்சில் உட்கார வருகிறார் என்றா சொல்வது? அதுவும் எல்லோர் முன்னாலும், சித்தி தன்னிடமே சொல்லாததை?

"ஆமா சார்" என்றாள்.

தேநீர் வந்தது. அடுத்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

வேன் ஓடத் தொடங்கிய பிறகு குடும்பத்தில் அவளுக்கு ஏகப்பட்ட மரியாதை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சித்தப்பா, "எங்க பொண்ணு... போட்ட திட்டம்... மருந்து வாசலுக்கே வருது" என்று இழுத்து இழுத்துச் சொன்னார். பெருமையில் கண் கலங்கினார். கோழிப்பண்ணைக்காரியோ, "நல்லவேளை, வியாழக்கிழமை என் பொழப்பு கெட்டுக்கிட்டிருந்துச்சு" என்றாள்.

சித்தி ஒரே ஒரு முறை வேனுக்குப் போன் செய்து பார்த்திருக்கிறாள். அதைப் பிறகு சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை எடுத்தவன் கோழிப்பண்ணைக்காரியின் மருமகன்.

"எதுக்குப் போறீங்க அத்தை?"

"சும்மாதான்ப்பா."

"சும்மான்னு போட முடியாது அத்தை, கம்ப்யூட்டர் எடுக்காது."

சாயங்காலத்துக்குள் கோழிப்பண்ணைக்காரி வாசலில் நின்றாள். "என்னடி, யாருக்கும் தெரியாம எங்க கிளம்புற?" உள்ளேயிருந்து சித்தப்பா, "எதுக்கு? மருந்துதான்... வந்துடுச்சே?" என்றார். சித்தி மறுபடி போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, கடைசி ஊரின் பஸ் நிறுத்தக் கம்பத்தை எடுக்க இரண்டு ஆட்களோடு அவள் போனாள். கம்பம் சித்தி வீட்டுக்கு எதிரேதான் இருந்தது. சித்தி மூவருக்கும் தேநீர் கொண்டு வந்தாள்.

"நல்லா இழுங்கப்பா. ஆடுற பல்லுதான், வலிக்காது" என்றாள். ஆட்கள் சிரித்தார்கள்.

"ஏய்" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன்!"

கம்பம் சாய்ந்தது. சிமெண்ட் கட்டியோடு அதை வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். குழியில் ஒரு பீங்கான் துண்டு கிடந்தது. சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு டவுன்ல, கண்ணாடிக்குப் பின்னாடி நின்னது நீதானே?" என்றாள்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"தெரியும். நீ வந்து பேசிடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். வரல. நல்ல பொண்ணு."

வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆலைச் சத்தத்தை மீறிப் பேசிய அந்தக் குரல் இப்போது பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரு வாரம் மருந்து வராம பண்ண முடியுமாடி? ஒரே ஒரு வாரம். எங்கயோ தவறிப்போச்சுன்னு சொல்லிடு, உங்க ஆபீஸ்ல தவறாததா. அவருக்கு ஒண்ணும் குறையாது, ஒரு பட்டை மாத்திரை ஒளிச்சு வச்சிருக்கேன். மருந்து வரலேன்னா நான்தானே வேன்ல போய் வாங்கியாகணும்?"