தராசுக்குக் கிடைத்த லீவு

ஊரடங்கு முடிந்து மலேசியாவில் எங்கள் கிள்ளான் கடைத்தெரு மறுபடி திறந்தபோது, சாமான் வாங்குகிறவர்களைவிட விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களே அதிகம். நான் வேலை பார்த்த மளிகைக் கடையிலும் அதே கதைதான். முதலாளி முதலில் ஓவர்டைமை நிறுத்தினார். பிறகு எங்கள் வார லீவை நிறுத்தினார். காரணம் கேட்டால், "சீனிக்கும் எண்ணெய்க்கும் இதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு வெல வச்சிருச்சு. தீபாவளி வந்தா வெங்காயத்துக்கும் தேங்காய்க்கும் வைப்பான். நான் எங்க போயி சம்பாதிக்கிறது?" என்பார். தேங்காய்க்காவது கேட்க ஒரு கவர்மெண்டு இருந்தது; எங்களுக்காகக் கேட்க ஆள் இல்லை.

கடையில் நாங்கள் மூன்று பேர். எடை போடுவது நான். சாமான்களை அடுக்குவது ஓர் அக்கா. லோரி ஓட்டும் அண்ணன் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். எனக்கும் அண்ணனுக்கும் லீவு என்றால் தூக்கம். அக்காவுக்கு அப்படியில்லை. அவர் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துவிட்டது. திங்கட்கிழமைதோறும் அவரை ஆஸ்பத்திரிக்குத் தெராப்பிக்குக் கூட்டிப்போவார். விரல்கள் லேசாக மடங்கத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் லீவு போயிற்று. கூட்டிப்போக வேறு ஆளும் இல்லை.

"திங்கக்கெழம காலையில மட்டும் விடுங்க பாஸ்" என்று அக்கா கேட்டுப் பார்த்தார்.

"ஒனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும் லா."

வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டத்திலேயே இருக்கிறது, லேபர் ஆபீசுக்குப் போகலாம் என்றேன் நான். போய்விட்டு எந்தக் கடைக்குத் திரும்பி வருவது என்று அண்ணன் கேட்டார். நான் கோபத்தோடு எடை போடப் போய்விட்டேன். மாதங்கள் ஓடின.

அந்த ஆண்டு ஆயுத பூஜை திங்கட்கிழமையில் வந்தது. வழக்கமாக ஒரு பழைய தராசையும் கத்தியையும் சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு, புதுத் தராசில் வியாபாரத்தை நடத்துவோம். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் யாரும் தொடமாட்டார்கள். அன்று காலை அண்ணன் இரண்டு தராசுகளையும் தூக்கி வைத்தார். லோரி சாவியை வைத்தார். பிறகு கடை முழுக்கச் சுற்றி, எல்லா விலை அட்டைகளையும் பிடுங்கி வந்து அடுக்கினார். நான் மார்க்கர் பேனாவையும் டேப்பையும் கொண்டுபோய் வைத்தேன். அக்கா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார். கோயிலுக்குப் போயிருந்த முதலாளி வந்து கண்ணை மூடிக் கும்பிட்டு, கற்பூரம் காட்டிய பிறகுதான் பார்த்தார்.

"வெல அட்டையவுமா வைப்பாங்க?"

"அதுவும் தொழில் சாமான்தானே பாஸ்" என்றார் அண்ணன்.

"சரி, இன்னிக்கி ஒரு நாள் அட்டை இல்லாமலே விக்கலாம்."

அண்ணன் விடவில்லை. "நேத்துதான் பக்கத்துக் கடைக்கு ஆபீசர் வந்தாரு. அட்டை இல்லன்னு சமன் போட்டு அபராதம் கட்டச் சொல்லிட்டா?"

முதலாளி புதிதாக எழுதப் பேனாவைத் தேடினார். அதன் நெற்றியிலும் குங்குமம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் அவர். அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. எங்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கச் சொன்னார். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வேலைநிறுத்தம் அதுதான். அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மறுநாள் பூஜை முடிந்ததும் முதலாளியே தராசை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒரு நாள் மூடியதில் கடை ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாமிக்குப் பயந்தாரா, லோரி சாவிக்குப் பயந்தாரா, தெரியாது. இனி வாரம் ஒரு நாள் லீவு என்றார். "நீ திங்கக்கெழமையே எடுத்துக்க" என்று அக்காவிடம் தனியாகச் சொன்னார்.

அக்கா பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் பாஸ். நேத்து கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில, 'ரொம்ப நாள் விட்டுட்டீங்க, கை இறுகிப்போச்சு, இனிமே வாரா வாரம் வரவேணாம்'னு சொல்லிட்டாங்க."

முதலாளி கல்லாப் பக்கம் போய் நின்றுகொண்டார். அண்ணனும் நானும் முறை வைத்து லீவு எடுத்துக்கொண்டோம். அக்கா எடுக்கவே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். வீட்டில் இருந்தால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்றார்.