தள்ளி எடுக்க முடியாத பணம்

“அவசரம்னா, சீட்டு மாதிரி தள்ளி எடுத்துக்கிடலாம்லாம்மா?” என்று அண்ணாச்சி கேட்டார். “பார்த்துக்கலாம் அண்ணாச்சி” என்றேன். நான் சொன்னது பொய்யா? ஒன்றரை வருடமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

வசதியானவர்களிடம் முதலீட்டு ஃபண்டுகளை விற்பது என் வேலை. வண்ணாரப்பேட்டையின் மொத்த வியாபாரக் கடைகள் என் பகுதி. மாதச் சம்பளம் வீட்டு வாடகைக்கும், பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சரியாகிவிடும். மற்றதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஊக்கத்தொகையில்தான். எதை விற்றால் அது கூடும் என்பது எங்களுக்கு மனப்பாடம். மூன்று வருடம் பணத்தைத் தொட முடியாத ஃபண்டுக்குத்தான் எப்போதும் அதிகம்.

அண்ணாச்சி தென்மாவட்டத்துக்காரர், துணி வியாபாரி. ஏலச்சீட்டில் பணம் போட்டே வளர்ந்தவர். சீட்டில் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் தொகையை விட்டுக்கொடுத்தால் நடுவிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதைத்தான் தள்ளி எடுப்பது என்பார்கள். எங்கள் ஃபண்டும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

கடை திறந்து ஊதுபத்தி ஏற்றியதும் போடுகிற கையெழுத்து விருத்தியாகும் என்று என்னைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். பேனா மூடியைத் திறந்துகொண்டேதான் தள்ளி எடுக்கலாமா என்று கேட்டார். காலாண்டின் கடைசி வாரம். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டியிருந்தது. என் பதிலைக் கேட்டதும் கையெழுத்துப் போட்டு, “போணி நல்லாருக்கட்டும்” என்றார்.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு பக்கத்துக் கடை விலைக்கு வந்தது. நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்குவது அவருடைய நெடுநாள் ஆசை. உடனே கூப்பிட்டார்.

“எவ்வளவு தள்ளணும்னு சொல்லும்மா, விட்டுருதேன்.”

விண்ணப்பத்தின் நகலில், மூன்று வருடம் பணத்தை எடுக்க முடியாது என்ற வரியைக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

“எழுதித்தான் இருக்கு. நாந்தான் கவனிக்கல. வயசாயிட்டுல்லா.”

எனக்கு டீ வரவழைத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன். பக்கத்துக் கடை வேறொருவர் கைக்குப் போனது.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில், கன்டெய்னர் யார்டிலிருந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

“இதுக்கு இன்னாத்துக்கு பேஜாராவுற? கையெழுத்து போட்டது அவருதான? நீ இன்னா கையப் புட்ச்சா இழுத்த?”

“அவர் கேட்டாருங்க. அவர் தப்பா நெனச்சுக்கிட்டிருக்காருன்னு எனக்குப் புரிஞ்சுது.”

“அப்பவே சொல்லிருக்கணும். இப்போ சொன்னா உன் வேலதான் பூடும்.”

அவர் சொன்ன இரண்டுமே சரி என்பதுதான் சங்கடம்.

போன வாரம் அண்ணாச்சியே போன் செய்தார். “ஏம்மா, ஆளையே காணோம்? எங்க மச்சினன் நெலத்த வித்த பணம் வச்சிருக்கான். நல்ல பொண்ணு, ஏமாத்தாதுன்னு சொல்லிருக்கேன். வெள்ளிக்கெழம காலையில கடைக்கு வா.”

என் மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அதே ஃபண்டையே விற்கச் சொல்கிறார். இது முடிந்தால் என்னை டீம் லீடராக்குவாராம், சம்பளமும் உயரும்.

மச்சினனிடம் மூன்று வருடக் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன், அதில் குழப்பமில்லை. பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். தன் வயதின்மேல் பழியைப் போட்டுக்கொண்ட அந்த மனிதரிடம், “அன்னைக்கு நீங்க கேட்டது எனக்கு நல்லாவே புரிஞ்சுது அண்ணாச்சி” என்று சொல்வதா? சொன்னால் ஆபீசுக்குப் புகார் போகலாம், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் நல்ல பொண்ணு என்ற பெயரோடு இன்னொரு டீ குடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? என்னைத் திட்டுவதானாலும் பரவாயில்லை, தயவுசெய்து எழுதுங்கள்.