ஒரு மாதத் தையல்

வாயில் மூன்று குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே தைமி கர்வினன் எங்கள் ஊர் ஹாக்கி ஆட்டக்காரன் ரூஸ்காவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். வாயில் ஊசி இருக்கும்போது மற்றவர்கள் பேச மாட்டார்கள். தைமிக்கு அப்போதுதான் பேச்சு வரும். "பதினொரு கோல் போட்டானாம். அதுல ஏழு, எதிரணி கோல்கீப்பர் வேற எங்கயோ பாத்துட்டு இருந்தப்ப போட்டது. மிச்சம் நாலு, வட்டு இவன் முட்டியில பட்டுத் தானா உள்ள போனது. அதுக்குத் தலையில தங்கம் ஒரு கேடு!"

பந்துக்குப் பதில் ரப்பர் வட்டை அடித்து ஆடும் எங்கள் நாட்டு ஐஸ் ஹாக்கியில், ஒவ்வோர் அணியிலும் புள்ளிக் கணக்கில் முன்னணியில் நிற்கும் ஆட்டக்காரன் தங்க நிறத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடுவான். எங்கள் அணியில் அது ரூஸ்காவிடம் இருக்கிறது. "மேலதான் தங்கம், உள்ள தவிடு" என்பது தைமியின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ரௌத்தகோஸ்கி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரே கடையை நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம். கதவுக்கு இடப்பக்கம் நான். ஸ்கேட் கத்திக்குச் சாணை பிடிப்பேன், பூட்ஸுக்கு அடி வைப்பேன், சாவி வெட்டுவேன். வலப்பக்கம் அவளும் அவளுடைய இரண்டு தையல் இயந்திரங்களும். பத்தொன்பது வருடமாகிறது. எங்களைக் கணவன் மனைவி என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒருமுறை யாரோ அவளிடம் கேட்டே விட்டார்கள். "இந்த ரெய்னோவையா? இவன் கோசுனன் கோலைக் காப்பாத்துவான்னு இன்னும் நம்புற ஆளு" என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டாள்.

கோசுனன் எங்கள் கோல்கீப்பர். "கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்ல விழுந்து கும்பிடுறான்" என்பாள் அவனை. கேப்டனைப் பற்றி, "ஆடுறப்ப வாங்குற மூச்சு டிவிக்குப் பேட்டி குடுக்குறப்ப எங்க போகுது?" கனடாவிலிருந்து வந்திருக்கும் டன்லவியைப் பற்றி, "இவனை அனுப்பி வெச்சவங்க இப்ப நிம்மதியாத் தூங்குவாங்க." அக்டோபரில் கால் முறிந்து இன்னும் மாவுக்கட்டோடு கிடக்கிறான் ஹக்காலா. அவனை மட்டும் திட்ட மாட்டாள். "இந்த வருஷம் ஒரு தப்பும் பண்ணாதவன் அவன் ஒருத்தன்தான்."

அணியின் பெயர் சுத்தியல். "ஆணியைத் தவிர எல்லாத்துலயும் அடிக்கிற சுத்தியல்" என்று அதையும் விட்டுவைப்பதில்லை. இப்படிச் சொல்கிறவள் முப்பத்து நான்கு பருவங்களாக ஓர் ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. சி பகுதி, ஆறாவது வரிசை, பதினோராம் இருக்கை அவளுடையது. பன்னிரண்டு என்னுடையது. கையில் கடுகுச் சாந்து தடவிய சாசேஜ், மடியில் காப்பிக் குடுவை, கைப்பைக்குள் தாளில் சுற்றிய ஏலக்காய் பன். "பிடிக்கலைன்னா ஏன் வர்ற?" என்று ஒருநாள் கேட்டேன். "பல் டாக்டர்கிட்ட ஆசைப்பட்டா போறோம்?" என்றாள்.

திட்டுவதற்கு அவளுக்கு ஊரில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் உரிமை உண்டு. ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில் இருக்கும் பெயர்ப்பட்டைகள் எல்லாம் அவள் தைத்தவை. அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வெய்யோ ஒரு பெரிய பையில் சட்டைகளைக் கொண்டுவந்து கொட்டுவான். விளம்பரம் இல்லாத இடம் அந்தச் சட்டைகளில் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ரம்பக்கடை, வங்கி, உறைந்த மீன், எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் பெயர்.

அந்தத் தையலில்தான் அவளுடைய சூட்சுமம். பருவம் முழுக்க ஒப்பந்தம் உள்ளவனுக்கு இயந்திரத்தில் நான்கு பக்கமும் இரண்டு வரிசை. ஒரு மாதம் ஆடிக் காட்டச் சொல்லி வரவழைத்த ஆளுக்குக் கையால் நீள நீளமாக ஓட்டுத்தையல். மாதம் முடிந்ததும் நூலின் ஒரு முனையை இழுத்தால் பட்டை கையோடு வந்துவிடும், துணியில் ஓட்டை விழாது. இதுவரை நியாயம்தான். ஆனால் போகப்போக யார் தங்குவான், யார் ஓடுவான் என்பதை அவளே முடிவுசெய்ய ஆரம்பித்தாள். இரண்டு வருட ஒப்பந்தத்தோடு வந்த டன்லவிக்கும் ஓட்டுத்தையல். கேப்டனுக்கு ஒரே வரிசை. இன்றைய தேதிக்கு அந்த அணியில் இரட்டைத் தையல் மாவுக்கட்டுக்காரன் ஹக்காலாவுக்கு மட்டும்தான். இது வெய்யோவுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்தப் பை மறுநாளே வேறு கடைக்குப் போய்விடும்.

பிப்ரவரி பிறந்தபோது ஒத்ஸோ வைநிக்கா வந்தான். தடுப்பாட்டக்காரன், வயது முப்பத்தொன்று, இது அவனுக்கு ஏழாவது ஊர். ஒப்பந்தம் ஒரு மாதம். என்னிடம் சாணை பிடிக்க வந்தவன், வலப்பக்கம் போய் நின்று மெதுவாகக் கேட்டான். "அம்மா, பேரைக் கொஞ்சம் கெட்டியாத் தைச்சுக் குடுங்க. முந்தின ஊர்லயும் சும்மா ஒட்டித்தான் வெச்சாங்க."

தைமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு மாசத்துக்கு இது போதும்ப்பா."

அவனுடைய முதல் ஆட்டத்திலேயே அவனுக்கு ஒரு பட்டமும் கட்டிவிட்டாள். "பாரேன் இவனை, பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி நிக்கிறான்!" அடுத்த முறை வட்டு அவனிடம் வந்தபோது எழுந்து நின்று, "பஸ் வந்தாச்சு, ஏறுடா!" என்று கத்தினாள். சி பகுதி முழுக்கச் சிரித்தது. இரண்டாவது வாரத்தில் சி பகுதியே கத்தியது. மூன்றாவது வாரத்தில் அரங்கமே கத்தியது. தைமி பன்னைக் காப்பியில் தோய்த்தபடி, பாட்டு எழுதியவளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர்களோடு ஆட்டம். மறுநாளோடு வைநிக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பது அன்றைய ஆட்டத்தில்தான் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆட்டம் மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தின் முடிவில் எங்கள் கோலுக்கு முன்னால் தள்ளுமுள்ளு. அக்கரை ஊரின் மலை போன்ற ஒருவன் வைநிக்காவின் முதுகுச் சட்டையை அள்ளிப் பிடித்து இழுத்தான். வைநிக்கா நகரவில்லை. அவன் பெயர் நகர்ந்தது. முழுப் பட்டையும் சர்ரென்று உரிந்து அந்த மலையின் கையுறையோடு வந்து, பனித்தளத்தில் விழுந்தது.

அக்கரைக்காரர்கள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "யாருப்பா நீ? யாருப்பா நீ?" என்று மேளம் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். தைமியைத் திரும்பிப் பார்த்தேன். சாசேஜ் வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் வெய்யோ படிகளில் ஏறி ஓடிவந்தான்.

"தைமியக்கா, ஊசி நூல் இருக்கா?"

"மாத்துச் சட்டை என்ன ஆச்சு?"

"இருக்கு. இவன் போட்டிருக்கறதைக் கழட்ட மாட்டேங்கிறான். பிடிவாதம்! பேரில்லாம அடுத்த கட்டம் ஆட விட மாட்டேன்னு நடுவர் வேற நிக்கிறாரு. சீக்கிரம் வாங்க."

அவளுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் போதாது. அதற்கு நான்தான். அதனால் நானும் கூடவே போனேன்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே, நடையில், ஒரு முக்காலியில் வைநிக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அறைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட, வெய்யோ உள்ளே ஓடினான். பட்டையைப் பொருத்திப் பார்த்த தைமி, "துணி சுருங்குது, ரெண்டு கையையும் தூக்கு" என்றாள். வலது கை எழுந்தது.

"ரெண்டு கைன்னேன்."

"இவ்ளோதாம்மா வரும்."

சட்டையின் கழுத்து வழியாகக் கைவிட்டு, தோள் கவசத்தில் சிக்கியிருந்த துணியை இழுத்தாள். அவள் விரல் எங்கோ பட்டது. அவன் கத்தவில்லை. ஆனால் பிடரி முழுக்க வேர்வை பொத்துக்கொண்டு வந்தது. தைமி கையை அப்படியே வைத்திருந்தாள்.

"எலும்பு விட்டுப்போச்சு. எப்ப ஆச்சு இது?"

"ஆட்டம் ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா உக்கார வெச்சுடுவாங்க. நாளையோட என் மாசம் முடியுது."

"முடிஞ்சா முடியட்டும், முட்டாப்பயலே! இந்தக் கை போச்சுன்னா அப்புறம் எதை வெச்சு ஆடுவ?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." என் பக்கமும் திரும்பினான். "நீங்களும்தான்."

தைமி ஊசியை என்னிடம் நீட்டினாள். நான் இரட்டை நூல் கோத்துக் கொடுத்தேன். "நேரா உக்காரு. ஆட்டத்துலயும் இப்படித்தான் நெளியிற" என்று அதட்டிவிட்டுத் தைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தையலையும் அடிவரை இழுத்து, பின்னால் கொண்டுபோய், மறுபடி இழுத்து. திரும்பிவந்த வெய்யோ கடிகாரத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "அக்கா, நாலு மூலையில முடிச்சுப் போட்டாப் போதாதா?"

"போதாது."

நான்கு பக்கமும் ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றும் முடித்தாள். கத்தரிக்கோலைத் தேடாமல் குனிந்து அவன் முதுகிலேயே நூலைப் பல்லால் கடித்தாள். வைநிக்கா எழுந்தான். "இது நிக்கும்மா" என்றான். அவனுக்குப் பழைய தையலின் சங்கதி தெரிந்துதான் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாவது கட்டம் தொடங்கும்போது இரு அணிக்கும் இரண்டிரண்டு கோல். "டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?" என்று அவள் காதில் கேட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டி மறுத்தாள். வைநிக்கா வலது கையால் மட்டும் மட்டையைப் பிடித்துக்கொண்டு ஆடினான். எங்களைத் தவிர அதைக் கவனிக்க அந்த அரங்கில் ஒருவருக்கும் கண் இல்லை. கவனிக்க வேண்டிய பயிற்சியாளர் ரூஸ்காவின் தங்கத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தபோது எங்கள் கோலுக்கு முன்னால் வட்டு அவன் காலடியில் வந்து நின்றது. வெளியே தட்டிவிட்டால் போதும். ஒரு கையால் வீசினான். மட்டை வட்டைத் தொடவில்லை. பின்னால் வந்தவன் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

"பஸ் போயிடுச்சு! பஸ் போயிடுச்சு!"

நாலாயிரம் பேர். சி பகுதிதான் எல்லோரையும்விடச் சத்தமாக. பின் வரிசையில் உட்காரும் எஸ்கோ, தபால் நிலையத்து எஸ்கோ, தைமியின் தோளைத் தட்டினான். "ஏய் தைமி, உன் பஸ் ஸ்டாப்பு ஆளைப் பாத்தியா? என்ன இன்னிக்கு வாயே திறக்கல? நீதானே ஆரம்பிச்சு வெச்ச, கத்து!"

தைமி திரும்பினாள். "உன் வாயைத் தைக்க என்கிட்ட நூல் மிச்சம் இருக்கு எஸ்கோ."

எஸ்கோ உட்கார்ந்துவிட்டான். அந்த வரிசையில் அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. ஆனால் மற்ற வரிசைகளில் கத்தினார்கள். அவள் எழுதிய பாட்டை அவளே கடைசி நிமிடம்வரை கேட்க வேண்டியிருந்தது. மூன்றுக்கு இரண்டில் தோற்றோம்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. கார் நிறுத்துமிடத்தைக் கடந்ததும் சொன்னாள். "நான் ஒழுங்காத் தைச்சிருந்தா அவன் பேரு தரையில விழுந்திருக்காது."

"கோல் அதனாலயா போச்சு?"

"கோலை விடு. கோல் தினமும்தான் போகுது. பேரு விழுந்தது என்னால. கேட்டான் ரெய்னோ, வாயைத் திறந்து கேட்டான் அவன். கெட்டியாத் தைங்கன்னு."

பத்தொன்பது வருடத்தில் அவள் தன்னைத் தானே திட்டிக்கொள்வதை அன்றுதான் கேட்டேன். அதையும் வஞ்சனையில்லாமல் செய்தாள். வீடு வரும்வரை அவளுக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமைச் செய்தித்தாளில் வைநிக்காவுக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். ரூஸ்காவுக்கு நான்கு. "ஒரு கோலும் போடாதவனுக்கு நாலு. எழுதினவன் கண்ணுலயும் தவிடு" என்றாள் தைமி. காலையில் இருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

பத்து மணிக்கு வெய்யோ வந்தான். பையில் ஒரே ஒரு சட்டை. அதை அவள் மேசையில் போட்டு, மேலே புதுப் பெயர்ப்பட்டை ஒன்றை வைத்தான்.

"வைநிக்காவை நேத்தே அனுப்பியாச்சு. தோள் எலும்பு உடைஞ்சிருக்காம், மருத்துவமனையில படம் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, முட்டாள். வியாழக்கிழமை புது ஆள் வர்றான், ஒரு மாசம். அதே நம்பர்தான். பழைய பேரைப் பிரிச்சுட்டு இதை வெச்சுடுங்கக்கா." சட்டையைத் தடவிப் பார்த்தான். "ஒரு மாச ஆளுக்கு இவ்ளோ கெட்டியாவா தைப்பீங்க?"

"காப்பி ஆறுது. குடிச்சுட்டுக் கிளம்பு."

அவன் போன பிறகு, தையல் பிரிக்கும் முள்ளை எடுத்தாள். சட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கையால் போட்ட இரண்டு வரிசை, ஒரு தையல்கூட நெகிழவில்லை. முள்ளின் நுனியை முதல் தையலுக்கு அடியில் கொடுத்தாள். பிறகு அதை வெளியே எடுத்து, இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"ரெய்னோ, மிஷின்ல நூல் கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். புதுப் பட்டையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, வைநிக்கா என்ற பெயரின் இடது மூலையை ஊசிக்கு நேராகப் பொருத்தி, மிதியை அழுத்தி, நான்கு பக்கமும் மூன்றாவது வரிசை தைக்க ஆரம்பித்தாள்.