என் மாடலில் மட்டும் பெய்யும் மழை

ஹாம்பர்கில் தினமும் ஏதோ ஒன்று மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தூறலை ஜெர்மனில் நீஸல்ரேகன் என்கிறார்கள். குடை விரித்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், விரிக்காவிட்டால் சட்டை ஈரம். வந்த புதிதில், பக்கத்து வீட்டு ஹெல்கா அம்மாவிடம் படிக்கட்டில் நின்று, "இதெல்லாம் மழையே இல்லை" என்று சொல்லிவிட்டேன். நான் அலுத்துக்கொள்வதாக நினைத்து, பாவம், மறுநாள் ஒரு குடையை என் கதவில் மாட்டிவிட்டுப் போனார். எங்களுக்குள் நடந்த மிக நீண்ட பேச்சு இன்றுவரை அதுதான்.

மழை என்றால் ஸ்ரீரங்கத்தில் பெய்ய வேண்டும். ஐப்பசியில் பகலெல்லாம் புழுங்கித் தள்ளும். சாயங்காலம் சித்திரை வீதிக் கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுச் சரக்கை உள்ளே இழுப்பார்கள், அடுத்து கொட்டும். அந்நேரம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் அண்ணன், "அங்க ஒரு பொட்டு இல்லடா" என்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும், இரண்டு ஊர் வானத்தையும் பார்த்துவிட்டாரே என்று.

இப்போது அந்த மழைதான் என் வேலை. கம்ப்யூட்டரில் ஓடும் பருவநிலை மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஸ்ரீரங்கம், பாலக்கரை, மேற்கே நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொட்டியம் எல்லாம் ஒரே கட்டம். ஒரு மழை மேகம் அதற்குள் கண்ணுக்கே படாது. அதனால் மேகம் எப்போது எழும் என்று விதி எழுதி ஊகிக்கிறோம். அந்த விதிக்குப் பொறுமை கிடையாது. சாயங்காலம் வரை புழுக்கத்தைத் தேக்கிவைக்காமல் மத்தியானமே கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிடும். மாடலில் கடல் சூடு பிசகினால் பருவமே தப்பும். கூட வேலை செய்பவர், "மொத்த அளவு கிட்டத்தட்ட சரிதானே?" என்றார். சில வருடம் அதுவும் சரியில்லை. எதைச் சொல்லிப் புரியவைப்பது? சிரித்துவைத்தேன்.

அண்ணன் இப்போது தொட்டியத்தில் வாழை போடுகிறார். வருடத்தில் ஒருமுறை, ஆவணியில்தான் கூப்பிடுவார், மழை எப்படி இருக்கும் என்று கேட்க. நான் பிடிகொடுக்காமல் இழுப்பேன். பேச்சு பிள்ளைகள், முட்டிவலி என்று நீளும். எனக்கு அது போதும். இந்த முறை அவர் விடவில்லை.

"ஆத்தோரத் தாழ்ந்த வயல்ல கன்னு வைக்கலாமா? தண்ணி நின்னா கிழங்கு அழுகிரும்டா. ஒரே பேச்சா சொல்லு."

ஊகித்துச் சொன்னால் அவர் வயல் போகும். தெரியாது என்றால் அடுத்த ஆவணியில் எதற்குக் கூப்பிடப் போகிறார்? பயமாக இருந்தது.

"தெரியலண்ணே. நம்ம ஊர் மழை மாடலுக்குப் பிடிபடல."



"அதத் தெரிஞ்சுக்கத்தானடா அவ்ளோ தூரம் போன?" கோபமே இல்லாமல் கேட்டார். "சரி, உடம்பப் பாத்துக்க."

மறுநாள் அலுவலகத்தில் மாடலைத் திறந்தேன். ஐப்பசியில் தொட்டியத்துக்குத் தினம் தூறல். ஹாம்பர்குக்கும் தினம் தூறல். அண்ணனும் நானும் ஒரே மழையில் நனைவது இந்த மாடலில் மட்டும்தான். ஹாம்பர்கைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் பலிக்கும். அதை என்னிடம் கேட்கத்தான் இங்கே ஆளில்லை.